‘போன்சாய் விதை’ என்று ஒரு விதை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த மாடித் தோட்டக் கட்டுரையைப் படித்தேன். கீரை, தக்காளி, மூலிகை என்று பயனுள்ள செய்திகள் பல இருந்த அக்கட்டுரையின் இறுதியில், போன்சாய் மரம் வளர்க்க ஆசைப்படுவோர் ‘போன்சாய் விதைகளை’ இணையத்தில் வாங்கி வீட்டிலேயே முளைக்க வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. ஒரே ஒரு வரிதான் என்றாலும், அச்சில் வந்ததை அப்படியே நம்புகிற வாசகர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள்; நானும் அவர்களில் ஒருவன். அந்த வரி தவறு என்பதையும், மரவிதையை முளைக்க வைத்துக் குறுமரமாக வளர்க்க விரும்புகிறவர் உண்மையில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதையும், பாளையங்கோட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

போன்சாய் என்பது ஒரு மரத்தின் பெயரன்று. மரத்தை வளர்க்கும் முறையின் பெயர். ‘போன்’ என்றால் ஆழமில்லாத தட்டு, ‘சாய்’ என்றால் நடுதல். சீனர்களின் பென்ஜிங் கலையிலிருந்து ஜப்பானுக்குச் சென்று, அங்கே தனக்கென ஒரு வடிவத்தைப் பெற்றுக்கொண்ட கலை அது. தட்டில் ஓரடி உயரத்தில் நிற்கும் புளியமரத்தின் விதையும் சாலையோரத்தில் அறுபது அடி உயரத்தில் நிற்கும் புளியமரத்தின் விதையும் ஒன்றே. வேரைக் கத்தரிப்பது, கிளையைக் கவாத்து செய்வது, கம்பி சுற்றி வளைப்பது, மண்ணின் அளவைக் குறைத்து வைப்பது ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்துவருவதால்தான் மரம் சிறுத்து நிற்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலுள்ள தேசியப் போன்சாய் அருங்காட்சியகத்தில், 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்ந்துவருவதாகக் குறிக்கப்பட்ட ஜப்பானிய வெள்ளைப் பைன் மரம் ஒன்று இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்நகரிலேயே இருந்து, யமாகி குடும்பத்தாரின் தோட்டச் சுவருக்குப் பின்னால் பிழைத்துக்கொண்ட மரம் அது; 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்டது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் தட்டிலேயே வாழ்ந்த அந்த மரம் ஒரு விதையை ஈன்று, அவ்விதை மலைச்சரிவில் விழுந்து முளைத்தால், மற்ற வெள்ளைப் பைன்களைப் போலவே அதுவும் ஓங்கித்தான் வளரும். தாயின் குறுமை பிள்ளைக்குப் போவதில்லை.

இருந்தும் ‘போன்சாய் விதை’ என்ற பெயரில் விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், அப்போது எட்டு வயதாக இருந்த என் பேத்தி, நீல நிற இலைகளோடு ஒரு குட்டி மேப்பிள் மரத்தின் படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அதைக் கேட்டாள். மரங்களைப் பற்றி ஓரளவு தெரிந்திருந்தும், குழந்தையின் ஆசைக்காக நானும் வாங்கினேன். நீல இலை விடும் மேப்பிள் மரம் உலகில் எங்கும் இல்லை என்பதை அன்றே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வந்த பெட்டிக்குள் ஒரு சிறு நெகிழித் தொட்டி, நீர் ஊற்றினால் உப்பும் தென்னைநார் வில்லை ஒன்று, ஷாம்பு பாக்கெட் அளவில் ஓர் உறை, உறைக்குள் பத்து விதைகள் இருந்தன. தாவரவியல் பெயர் இல்லை. விதை எந்த ஊரில், எந்த மாதத்தில் சேகரிக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லை. பத்து நாளில் முளைக்கும் என்று மட்டும் எழுதியிருந்தது. பேத்தி தினமும் பள்ளிக்குப் போகுமுன் தெளிப்பானால் நீர் தெளித்தாள். ஆறாவது வாரம் இரண்டு முளைகள் தலைகாட்டின. அவற்றுக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள். நான்காம் இலை விட்டபோது இரண்டும் குப்பைமேனி என்று தெரிந்தது. காற்றில் வந்து விழுந்த விதையாக இருக்க வேண்டும். மிஞ்சிக் கிடந்த மேப்பிள் விதைகளைத் தோண்டியெடுத்துக் கத்தியால் கீறிப் பார்த்தேன். நான்கில் பூஞ்சை பிடித்திருந்தது. மற்றவற்றில் பருப்பே இல்லை, வெறும் கூடு. அந்தப் பணம் போனது பெரிதில்லை. விதை போட்டால் முளைக்காது, நமக்குக் கைராசி இல்லை என்று ஒரு குழந்தை முடிவு கட்டிவிட்டதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்த விதைகள் நல்ல விதைகளாகவே இருந்திருந்தாலும் பத்து நாளில் முளைத்திருக்க மாட்டா. ஜப்பானிய மேப்பிள், கறுப்புப் பைன் போன்ற குளிர்நாட்டு மரங்களின் விதைகள், இலையுதிர் காலத்தில் மண்ணில் விழுந்து, பனிக்காலம் முழுவதும் ஈரத்திலும் குளிரிலும் கிடந்து, வசந்தம் வந்த பிறகே கண் திறக்கும் இயல்புடையவை. அந்தப் பனிக்காலத்தை நாம் செயற்கையாக உண்டாக்க வேண்டுமானால், ஈர மணலிலோ ஈரமான தென்னைநாரிலோ விதைகளைப் பொதிந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உறையாத அளவு குளிரில், பைனுக்கு ஒன்றிரண்டு மாதமும் மேப்பிளுக்கு மூன்று மாதத்துக்கு மேலும் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்து முளைக்கச் செய்தவர்கள் நம் மாநிலத்திலும் இருக்கிறார்கள். ஆனால் முளைத்த பிறகு என்ன செய்வது? அந்த மரத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் குளிர்கால உறக்கம் வேண்டும். உதகையிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் முயன்று பார்க்கலாம். சித்திரை வெயிலில் தரை கொதிக்கும் பாளையங்கோட்டை மாடியில் மேப்பிள் கன்று இலை விளிம்பு கருகி, உறங்க வழியின்றி ஆண்டுக்கு ஆண்டு நலிந்து போகும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கட்டுரை எழுதுவோராவது சொல்ல வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

நம்மூர் மரங்களின் விதைகளுக்கும் உறக்கம் உண்டு. ஆனால் அது வேறு வகை. புளி, கொன்றை, வாகை, மஞ்சாடி, பெருக்க மரம் முதலியவற்றின் விதைகளுக்குத் தோல் மிகக் கெட்டி. உள்ளே உயிர் தயாராக இருந்தாலும் வெளியிலிருந்து நீர் புக வழி இருக்காது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தோ, விலங்கின் குடல் வழியே சென்றோ தோல் இளகும்வரை அவை ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். இந்தக் கதவைத் திறக்க நம் வீடுகளில் எப்போதும் ஒரு வழி இருந்தது, அதற்கு ‘விதை நேர்த்தி’ என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். தாயம் உருட்டுவதற்காகப் புளியமுத்தைத் திண்ணையில் நீர் தொட்டுத் தேய்த்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும்படி செய்த அனுபவம் என் வயதினர் எல்லோருக்கும் இருக்கும். விளையாட்டு முடிந்து முற்றத்தில் எறியப்பட்ட அந்தத் தேய்த்த முத்துகள்தாம் மழை பெய்தால் முதலில் முளைக்கும் என்று என் அம்மா சொல்வார்கள். அது முற்றிலும் சரி. விதைத்தோலை உரசி நீருக்கு வழிவிடும் விதை நேர்த்தி அதுவேதான்.

இன்று நான் செய்வது இதுதான். பங்குனியில் புதுப்புளி வாங்கி வீட்டில் கொட்டை எடுக்கும்போது, பருத்து, பளபளவென்று, பூச்சித் துளை இல்லாத முத்துகளாக நாற்பது ஐம்பதைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வேன். கொட்டையை எடுக்கத் தட்டும்போது விரிசல் விட்டவற்றைத் தள்ளிவிடுவேன்; அவை பெரும்பாலும் அழுகிவிடும். நகவெட்டியாலோ உப்புத்தாளாலோ முத்தின் அகன்ற பக்கத்தில், காம்பு ஒட்டியிருந்த முனைக்கு எதிரே, உள்ளிருக்கும் வெளிர்நிறம் புள்ளியாகத் தெரியும் அளவுக்கு மட்டும் சிறிது கீற வேண்டும். காம்பு முனையில் கருவளரும் இடம் இருப்பதால் அங்கே கை வைக்கக் கூடாது. பிறகு ஓரிரவு சாதாரண நீரில் ஊறப்போட்டால், காலையில் சில முத்துகள் தோல் சுருங்கி விரிந்து, முன்னிருந்ததைப்போல் ஒன்றரை மடங்காக உப்பியிருக்கும். உப்பியவற்றை உடனே விதைத்துவிட்டு, உப்பாதவற்றை மீண்டும் கீறி ஊறப்போட வேண்டும். கொன்றை, மஞ்சாடி போன்ற மிகக் கடினமான விதைகளுக்கு, கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி அதன்மேல் ஊற்றி, அந்த நீர் தானே ஆறி மறுநாள் வரை இருக்கும்படி விட்டுவிடுவது வழக்கம். அடுப்பிலேயே வைத்து வேக வைத்துவிட்டு முளைக்கவில்லை என்று வருந்தியவர்களை நான் அறிவேன். நாற்றங்கால்களில் அமிலம் பயன்படுத்துவதுண்டு. வீட்டில் அது தேவையுமில்லை, குழந்தைகள் இருக்கும் இடத்தில் கூடவும் கூடாது.

ஒரு வாரம் முதல் பத்து நாளில் புளி முளைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மண் முதலில் ஓடு வெடிப்பதுபோல் வெடித்து எழும்பும். கொக்கிபோல வளைந்த தண்டு ஒன்று, இரண்டு தடித்த வித்திலைகளையும் இழுத்துக்கொண்டு மேலே வரும். பழுப்புத் தோல் ஒரு துண்டு அதன் தலையில் குல்லாய்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு அதைப் பிய்க்கக் கூடாது. நீர் தெளித்து ஈரமாக வைத்தால் அதுவே கழன்று விழும். அடுத்த இரண்டு மூன்று நாளில் வித்திலைகளுக்கு நடுவிலிருந்து முதல் இலை விரியும்போதே, பெரிய மரத்தில் உள்ளதைப் போலவே வரிசையாகச் சிற்றிலைகள் அமைந்திருக்கும். அந்தியில் விரலளவு கன்றுகூடத் தன் சிற்றிலைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மூடிக்கொண்டு தூங்குவதை முதன்முதலில் பார்த்த அன்று, என் பேத்தி தான் முன்பு கட்டிய முடிவைக் கைவிட்டாள். இன்று அவள் வளர்க்கும் நான்கு புளியங்கன்றுகளும் அந்த ஆண்டு முளைத்தவை.

புளியமுத்துக்கு நேர்மாறான இயல்புடைய விதைகளும் நம் ஊரில் உண்டு. பலர் தோற்றுப்போவது இவற்றில்தான். வேம்பு, நாவல், இலுப்பை ஆகியவற்றின் விதைகள் காத்திருக்கும் வகையைச் சேர்ந்தவையல்ல. அவற்றை வெயிலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால், வைத்த விதை பார்வைக்கு நன்றாக இருக்கும், உயிர் இருக்காது. நாவல் கொட்டை ஈரம் வற்றினாலே செத்துவிடும். பழம் தின்ற கையோடு கழுவி மண்ணில் போட்டுவிட வேண்டும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வருவதும் நாவலில் உண்டு. அவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகவே வளரவிட்டால் அடியிலிருந்து பல தண்டுகள் எழும் குறுமரமாக ஆக்கலாம். வேப்பம்பழம் மஞ்சளாகக் கனிந்து உதிரும்போது பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். ஆண்டு முழுவதும் வேப்பம்விதை அனுப்புவதாகச் சொல்லும் விற்பனையாளர்களிடம் அது எப்போது பொறுக்கப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

ஆலும் அரசும் அத்தி வகையைச் சேர்ந்த தனி இனம். ஆலம்பழத்துக்குள் இருக்கும் விதை மிகமிகச் சிறியது. ஒவ்வோர் அத்தியினத்துக்கும் அதற்கென்றே உள்ள குளவி பழத்துக்குள் புகுந்து மகரந்தச் சேர்க்கை செய்தால்தான் அந்த விதை உயிருள்ளதாக அமையும். பறவையும் வௌவாலும் பழத்தைத் தின்று எச்சமிடும் சுவர் வெடிப்புகளில் ஆலும் அரசும் முளைத்து நிற்பதை நாம் எல்லாப் பழைய கட்டடங்களிலும் பார்க்கிறோம். அந்தக் காட்சியிலேயே செய்முறை முழுவதும் அடங்கியிருக்கிறது: சதை நீங்க வேண்டும், சுண்ணாம்பும் செங்கலும் கலந்த ஈரம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், மேலே மண் மூடக் கூடாது. பழுத்த ஆலம்பழங்களை நீரில் நசுக்கி, மிதக்கும் சக்கையை வடித்துவிட்டு, அடியில் தங்கும் விதைகளைச் சலித்த செங்கல் பொடியின்மேல் தூவி, தொட்டியை நீருள்ள தட்டில் வைத்து அடியிலிருந்தே ஈரம் ஏறும்படி செய்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டை மூடிவைத்தால், மூன்று நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். பூவாளியால் ஊற்றினால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். முதலாண்டில் அவை மிக மெதுவாகவே வளரும். பாசி படர்ந்து மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால், ஆலுக்கும் அரசுக்கும் விதை கட்டாயமில்லை. பெருவிரல் கனமுள்ள போத்து, அதாவது வெட்டி நடும் கிளைத்துண்டு, வேர்விட்டுவிடும். சுவர் வெடிப்பிலிருந்து வேரோடு பிடுங்கி எறியப்படும் கன்றும் கிடைக்கும். எனினும் அடிவேர்கள் எல்லாத் திசையிலும் ஒரேசீராகப் பரந்து நிற்கும் அழகு விதைக்கன்றில் வருவதுபோல் வேறெதிலும் வருவதை நான் பார்த்ததில்லை.

எந்த விதையானாலும் மண் விஷயத்தில் கவனம் வேண்டும். வளமான மண்ணில்தான் நன்றாக முளைக்கும் என்று எண்ணி எருவை அள்ளிப் போடுவது, தொடக்கத்தில் நானும் செய்த பிழை. விதைக்குள்ளேயே முதல் சில வாரங்களுக்கான உணவு இருக்கிறது. அப்போது அதற்குத் தேவை காற்றும் ஈரமும் மட்டுமே. கழுவிய ஆற்றுமணல், சலித்த செங்கல் பொடி, இரண்டு மூன்று முறை நீரில் அலசி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்தால் போதுமானது. ஆல், அரசு தவிர மற்ற விதைகளை அவற்றின் கனத்தைப்போல் இரு மடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும்.

நாற்று முளைத்து இரண்டு வாரம் நன்றாக நின்றுவிட்டு, ஒரு நாள் காலையில் மண்ணையொட்டிய இடத்தில் நீர்க்கோத்ததுபோல் கறுத்து, அப்படியே சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல் நோய். மண்ணிலுள்ள பூஞ்சைகளால் வருவது. அதிக நீரும் காற்றோட்டமின்மையும் நெருக்கமும் அதற்கு வழிவிடுகின்றன. என் முதல் ஆண்டில் முளைத்த முப்பத்தொரு புளியங்கன்றுகளில் இருபத்தாறு, ஐப்பசி அடைமழையில் மூன்றே நாளில் இப்படிப் போயின. அன்று முதல், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் கன்றுகளின் தண்டு முற்றிக் கெட்டியாகும்படி விதைக்கும் காலத்தை முன்தள்ளிக்கொண்டேன். மழைநாளில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்தி வைப்பேன். கிலோ விதைக்கு நான்கு கிராம் என்று உழவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத் தூளில் ஒரு சிட்டிகையை விதையோடு புரட்டி விதைப்பதும் பெரிதும் உதவுகிறது. வேளாண் இடுபொருள் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கும்.

முளைக்க வைப்பது தொடக்கம் மட்டுமே. விதையிலிருந்து தொடங்குவதன் முழுப்பயனும் முதல் ஓராண்டில் நாம் வேருக்கு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கன்று ஆறேழு இலை விட்டுத் தேறியதும் தொட்டியிலிருந்து எடுத்து, நேராகக் கீழே ஓடும் ஆணிவேரைப் பாதிக்கு மேல் கத்தரித்து, பக்கவேர்களைச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் விரித்து வைத்து மறுபடி நட வேண்டும். இதைச் செய்யாமல் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால், கைத்தடியை மண்ணில் குத்தி வைத்ததுபோல் மரம் நிற்கும். அதன்பின் திருத்துவது கடினம். தண்டு பென்சில் கனம் ஆவதற்கு முன்பே மெல்லிய அலுமினியக் கம்பியால் அடித்தண்டில் ஒரு வளைவை ஏற்படுத்திவிட வேண்டும். வாங்கிய கன்றில் இந்த இரண்டையும் செய்யும் வாய்ப்பு நமக்குக் கிடைப்பதில்லை. விதையிலிருந்து வளர்த்த மரத்தை ஜப்பானியர் ‘மிஷோ’ என்று தனிப் பெயரிட்டு அழைப்பதும் இந்த அருமை கருதியே என்று நினைக்கிறேன். அதன்பின் உடனே தட்டுக்கு மாற்றிவிடக் கூடாது. தண்டு பருக்கும்வரை மூன்று நான்கு ஆண்டுகள் பெரிய தொட்டியிலோ தரையிலோ நன்றாக ஓங்கி வளரவிட்டுத்தான் பிறகு வெட்டிக் குறுக்க வேண்டும். இரண்டு ஆண்டில் வரவேற்பறையில் வைக்க ஒரு மரம் வேண்டும் என்பவருக்கு விதை ஏற்றதன்று. அவர் நாற்றுப்பண்ணையில் வளர்ந்த கன்றை வாங்கிப் பழகலாம். அப்படி வாங்கினாலும் வரவேற்பறை அதன் இருப்பிடமாக முடியாது. போன்சாயும் மரமே, அதற்கு வெயில் வேண்டும்.

எல்லா மரமும் தட்டுக்கு ஒத்துவராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மா, பலா ஆகியவற்றின் விதை எளிதில் முளைத்தாலும், இலை பெரிதாகவே இருப்பதால் சிறு மரத்தில் அளவு பொருந்தாமல் தெரியும். புளிக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது கொடுக்காப்புளியையும் விளாவையும். கொடுக்காப்புளியின் கறுப்பு விதை ஊறப்போட்ட சில நாளிலேயே முளைத்துவிடுவதால் குழந்தைகளோடு செய்ய அதைவிட நல்லது இல்லை. விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் விளாம்பழத்தின் ஓட்டை உடைத்து, சதையை வெல்லத்தோடு பிசையும் முன் ஒரு கரண்டி எடுத்து வடிகட்டியில் அலசினால் நூறு விதைகள் கிடைக்கும். அடீனியம் எனப்படும் பாலைவன ரோஜாவை வளர்ப்போரும் விதையிலிருந்தே தொடங்க வேண்டும். போத்து நட்டு வளர்த்த செடிக்கு, அதன் அழகே ஆன அந்தப் பருத்த அடித்தண்டு சரியாக அமைவதில்லை.

விதையிலிருந்து தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாறை இடுக்கிலும் மலைச்சரிவிலும் காற்றாலும் வறட்சியாலும் தானே குறுகி, நூறாண்டுத் தோற்றம் பெற்ற மரங்களை வேரோடு பெயர்த்துவந்து விற்கும் வழக்கம் பரவிவருகிறது. அப்படிப் பெயர்க்கப்படுபவற்றில் பல, தொட்டிக்கு வந்த முதலாண்டிலேயே செத்துவிடுகின்றன. காப்புக் காட்டிலிருந்து எடுத்தால் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அது குற்றமும்கூட. மரத்தைக் குறுக்கி வளர்ப்பதே கொடுமை என்று கருதுவோர் இருக்கிறார்கள். அவர்களது இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், கவாத்து செய்து, நீரும் வெயிலும் அளவறிந்து தந்து, ஆண்டுதோறும் புதுவேர் விடச் செய்யும் மரம் நலிவதில்லை. நலிந்த மரம் இலை விடாது. கொடுமை என்று நான் கருதுவது மலையில் நூறாண்டு நின்றதை ஓரிரவில் பிடுங்குவதைத்தான்.

விதை விற்பனைக்கு வருகிறேன். நம் 1966ஆம் ஆண்டின் விதைகள் சட்டம் உணவுப் பயிர், எண்ணெய்வித்து, காய்கறி, பழம், பருத்தி, தீவனப் பயிர், சணல் ஆகியவற்றின் விதைகளை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. அதனால்தான் கடையில் வாங்கும் கத்தரி விதைப் பொட்டலத்தில்கூட முளைப்புத்திறன், சோதனை செய்த நாள், காலாவதி நாள் எல்லாம் அச்சிடப்பட்டிருக்க, அதைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கப்படும் அலங்கார மரவிதை உறையில் ஒன்றுமே இருப்பதில்லை. மரவிதைகளுக்கும் தாவரவியல் பெயர், சேகரித்த மாதம், இடம், முளைப்புத்திறன் ஆகிய நான்கையும் உறையில் அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று தங்கள் இதழ் எடுத்துரைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் நேரே வரும் விதைகளைப் பற்றி இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதைகளைத் தருவிக்க முடியாது. 2020 ஆகஸ்டில், முன்பின் தெரியாத இடங்களிலிருந்து வரும் விதைப் பொட்டலங்கள் குறித்து மத்திய வேளாண் அமைச்சகமே மாநிலங்களை எச்சரித்தது. ஓர் உறை விதையோடு நம் மண்ணில் இல்லாத நோயும் களையும் வந்து சேரலாம். இணையத்தில் ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்து முறையிடலாம் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் பலருக்குப் பயன்படும். எனக்கு அன்று அது தெரிந்திருக்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரியும், கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் இருக்கும் மாநிலம் இது. எந்த மரவிதையை எப்படி நேர்த்தி செய்ய வேண்டும் என்ற அறிவு அங்கே நிறையவே இருக்கிறது. அது பெரும்பாலும் காடு வளர்ப்போருக்கும் நாற்றங்கால் நடத்துவோருக்குமே போய்ச் சேர்கிறது. மாடியில் நான்கு தொட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்குப் புரியும் தமிழில், மாதத்துக்கு ஒரு மரம் என்று எடுத்துக்கொண்டு, அந்த மாதம் எந்த விதை உதிர்கிறது, எத்தனை நாளுக்குள் விதைக்க வேண்டும் என்பதை அங்குள்ள அறிஞர்களைக் கொண்டு தங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஆனி இரண்டாம் வாரத்தில் எழுதுகிறேன். எங்கள் தெருவில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கிவிட்டது. சந்தையில் நாவற்பழம் வந்துவிட்டது. தாங்கள் இதை வெளியிடத் திருவுளம் கொண்டால், இந்த மாதத்துக்குள்ளேயே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புளியமுத்து அடுத்த ஆண்டு வரையிலும் காத்திருக்கும். வேப்பங்கொட்டையும் நாவற்கொட்டையும் ஆவணி வரை காத்திருக்க மாட்டா.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.